பட்டனை யார் அமுக்குவது?

புளியரை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் லோடு லாரி முக்கி முனகிப் போவதைப் பார்க்காதவர் நம்மில் உண்டா? லாரியோ காரோ, டர்போ அழுத்தும் காற்று சூடாகிறது. சூடான காற்றில் அதே கொள்ளளவுக்கு ஆக்ஸிஜன் குறைவு. அதைத் தணிக்கத்தான் இன்டர்கூலர். சுபாரு இம்ப்ரெசா எஸ்டிஐ காரில் இன்டர்கூலர் மேல் தண்ணீர் தெளிக்க டேஷ்போர்டில் ஒரு பட்டனே வைத்தார்கள். 1 கிலோ தண்ணீர் ஆவியானால் சுமார் 2,260 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கிற அதே சங்கதிதான்!

ஆனால் கொண்டை ஊசி வளைவில் டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பாரா, பட்டனைத் தேடுவாரா? தானா தெளிக்கணும் என்பதே என் கட்சி. இன்டேக் குழாயில் பிரஷர் ஸ்விட்ச், ஒரு ரிலே, வாஷர் மோட்டார்... வேலை முடிஞ்சுது என்பார்கள் சிலர். முடியலை ஐயா! பூஸ்ட் உள்ளவரை மோட்டார் ஓடினால் பாதி ஏற்றத்திலேயே டேங்க் காலி. இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்றின் சூட்டைப் பார்க்க ஒரு தெர்மிஸ்டர் வேண்டும். இரண்டு விநாடி தெளித்து நிறுத்த 555 டைமர் வேண்டும். குற்றாலச் சாரல் காலத்தில் காற்றே ஈரம், தெளித்த நீர் லேசில் ஆவியாகாது. சித்திரை வெயிலில்தான் இதன் அருமை தெரியும்.

ரெடிமேட் புராஜெக்டை விலைக்கு வாங்கி வைவாவில் திருதிருன்னு முழிப்பதைவிட, மெக்கானிக்கல்காரனும் எலக்ட்ரானிக்ஸ்காரனும் சேர்ந்து இதைச் செய்தால் என்ன? "வேற டிபார்ட்மெண்ட் பசங்களைச் சேர்க்கக் கூடாது" என்கிறார்களே, அதை யூனியன் இந்த வருஷமாவது கேட்குமா?