விதியென்பது எந்த விதி?

சாரத்திலிருந்து ஒரு மேசன் விழுந்து இறந்தால், எமது ஊர்களிலே பிரேதம் எடுக்கு முன்னரே வழக்கு முடிந்துவிடுகிறது. நீதிமன்றத்திலன்று, செத்த வீட்டு முற்றத்திலே. ஒப்பந்தகாரர் ஒரு தொகையைக் கொணர்ந்து கொடுக்கிறார். ஊர்ப் பெரியவர் ஒருவர், "அவன் விதி அவ்வளவுதான்" என்று தீர்ப்புரைக்கிறார். விதவையின் கையொப்பம் ஒரு கடதாசியில் விழுகிறது. தமிழிலே தலையெழுத்துக்கும் சட்டத்தின் பிரமாணத்துக்கும் ஒரே சொல் அமைந்தது சிலருக்கு எத்துணை வசதியாய்ப் போயிற்று! முதலாவது விதியின்மேற் பழியைப் போட்டுவிட்டு, இரண்டாவது விதியை மீறியவர் தப்பிச் செல்கிறார்.

சட்டம் இல்லாமையாலா இது நேர்கிறது? 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேரும் விபத்துக்கு முதலாளியைப் பொறுப்பாளியாக்குகிறது. அவர் கவனக்குறைவாக இருந்தாரா என்று கூட அது கேட்பதில்லை. மரணம் நேர்ந்தால் நட்டஈடு ஆணையாளரிடம் வைப்பிலிடப்படுதல் வேண்டும். ஆகவே முற்றத்திலே கைமாறும் பணம் நட்டஈடன்று, வாயடைப்பு. உரிமையைக் கைவிடுவதாக எழுதி வாங்கிய கடதாசி சட்டத்தின் முன் செல்லாக்காசு. 2022ஆம் ஆண்டின் திருத்தம் நட்டஈட்டின் உச்சத்தொகையை 550,000 ரூபாவிலிருந்து 2,000,000 ரூபாவாக உயர்த்தியது. இதனை எமது கிராமங்களில் எத்தனை குடும்பங்கள் அறியும்? அறிந்த நாம் எத்தனை பேருக்கு எடுத்துச் சொன்னோம்?

"தொழிலாளியின் கவலையீனமே காரணம்" என்பது எமது காதுகள் புளித்துப்போன வாதம். சாரம் உடுத்து, இறப்பர்ச் செருப்போடு சாரத்தில் ஏறுகிறானாம்! உண்மை, ஏறுகிறான். வேறு காலணியை அவனுக்குக் கொடுத்தவர் யார்? பாதுகாப்புக்கென வகுத்த கட்டளையை வேண்டுமென்றே மீறினான், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றினான் என்று முதலாளி எதிர்வாதஞ் செய்யச் சட்டம் ஒரு சிறு வாயிலைத் திறந்து வைத்திருப்பது மெய்தான். ஆனால் அவ்வாயிலினுட் புகவேண்டின், முதலிற் கட்டளை இருந்திருத்தல் வேண்டும். சாதனம் வழங்கப்பட்டிருத்தல் வேண்டும். இடுப்புப் பட்டியை ஒருநாளும் கண்ணிற் காட்டாதவர், அவன் அதைக் கட்டவில்லை என்று எவ்வாறு வாதாடுவார்?

ஆபத்துகளும் புதியனவல்ல. ஒரு கன மீற்றர் மண் ஏறக்குறைய ஒன்றரைத் தொன் நிறையுடையது. மார்பளவு புதைந்தவனுங்கூட மூச்சிழுக்க இயலாமல் மாள்கிறான். அமெரிக்காவிலே 5 அடியும் அதற்கு மேலும் ஆழமான குழியின் சுவர்களுக்கு, அவை கற்பாறையாக இருந்தாலன்றி, முட்டுக் கொடுத்தோ சரிவாக வெட்டியோ காப்புச் செய்தல் கட்டாயம். இங்கோ வெட்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே மலைபோற் குவித்துவிட்டு, அதன் கீழே மனிதனை இறக்குகிறோம். ஈர நிலத்திலே ஒட்டுப்போட்ட மின்கம்பியை இழுத்து, 230 வோல்ற்று மின்சாரத்தில் இயந்திரங்களை ஓட்டுகிறோம். 30 மில்லி அம்பியர் கசிந்தவுடனே மின்னைத் துண்டிக்கும் ஆளி கடையிலே விலைக்கு இருக்கிறது.

விவசாயப் பெருமக்கள் இதனைத் தமக்குப் புறம்பான செய்தியென்று தள்ளிவிடலாகாது. 2018 ஏப்ரலில் ஹொரணையிலே ஓர் இறப்பர்த் தொழிற்சாலையின் தொட்டியுள் ஒருவர் வீழ்ந்தார். அவரைக் காக்க முயன்றோரும் நச்சுவாயுவுக்கு இரையாகினர், மாண்டவர் ஐவர். எமது தோட்டக் கிணறுகளிலும் இதே கொலைகாரன் பதுங்கியிருக்கிறான். நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி ஓட்டினால், அது கக்கும் காபனோரொட்சைட்டு வெளியேற வழியின்றி அங்கேயே தேங்குகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தம்பி மயங்கினான் என்று அண்ணன் இறங்குகிறான். அண்ணனைத் தேடித் தகப்பன் இறங்குகிறார். இயந்திரம் மேலே நிற்க வேண்டும். இறங்குபவனின் உடலிற் கயிறும், அதைப் பிடித்து இழுக்க மேலே ஆளும் இருக்க வேண்டும். இதற்கு எந்தத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.

இனி மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. வீதிப் பெயர்ப்பலகையிலே ஓர் எழுத்துப் பிழைத்தாற் கொதித்தெழுகிறோம், அது நியாயமே. ஆயின் வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கொழும்பின் மாடிக் கட்டடங்களுக்குக் கூலிக்குச் செல்லும் எமது பிள்ளைகள், தமக்கு விளங்காத எழுத்திலே எழுதப்பட்ட அபாய அறிவித்தலின் கீழ் நிற்கிறார்களே, அதற்காக எந்த மேடையில் எவர் முழங்கினார்? மொழியுரிமை உயிரோடு நேரே மோதும் இடம் அதுவன்றோ? 

பிறரை மட்டும் குற்றஞ்சாட்டி நாம் நழுவிவிட முடியாது. இவ்வேட்டை வாசிக்கும் வைத்தியரும் ஆசிரியரும் பொறியியலாளரும், எம்போன்ற சட்டத்தரணிகளும் மாடி வீடு கட்டுகிறோம். தரைக்கு எந்தக் கல் பதிப்பதென்று மாதக்கணக்கில் ஆராய்கிறோம். ஒப்பந்தத்தை மட்டும் ஆகக் குறைந்த விலை கூறியவருக்குக் கொடுக்கிறோம். சீமெந்தின் விலையும் கம்பியின் விலையும் யாவருக்கும் ஒன்றாயிருக்க, அவர் எதிலே குறைத்தார்? சாரத்தின் பலகையிலே, கைபிடிச் சட்டத்திலே, உக்கிய கயிற்றை மாற்றாமையிலே குறைத்தார். நாம் மிச்சம் பிடித்த பணம் அது.

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் பிரிவுகள் பல கட்டட வேலைகளுக்கும் செல்லும். அவற்றை நடைமுறைப்படுத்தத் தமிழிற் பேசி விசாரிக்கவல்ல பரிசோதனைப் பொறியியலாளர்கள் வடக்கிலும் கிழக்கிலும் போதிய அளவில் வேண்டுமென நாடாளுமன்றத்தில் எமது பிரதிநிதிகள் கேட்கட்டும். அதுவரை எமது பிரதேச சபைகள் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. சபையின் பணத்திற் கட்டப்படும் ஒவ்வொரு மதகுக்கும் சந்தைக் கட்டடத்துக்கும், சாரம், குழிக்காப்பு, தலைக்கவசம், தொழிலாளர் காப்புறுதி ஆகியவற்றின் செலவைக் கேள்விப்பத்திரத்திலேயே தனியாகக் காட்டவேண்டுமென்று ஒரு பிரேரணை கொண்டுவரலாம். காட்டாத ஒப்பந்தகாரரின் விலை எவ்வளவு குறைவாயினும் தள்ளிவிடலாம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்னர், உங்கள் வட்டார உறுப்பினரின் படலையைத் தட்டி இதனைக் கேளுங்கள்.