காதுல பாட்டு.. பின்னாடி லாரி! சைக்கிள்ல போறவங்களுக்கு சட்டம் என்ன சொல்லுது?

திருப்பூர்,

பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து இரவில் சைக்கிள் மிதித்து வீடு திரும்புபவர்கள் பலர் காதில் ஹெட்போன். 12 மணி நேரம் மெஷின் சத்தத்தில் நின்றவனுக்கு ஒரு பாட்டு கேட்க ஆசை இருக்காதா? இருக்கும்தான். ஆனால் சைக்கிளுக்கு பின்பக்க கண்ணாடி கிடையாது. பின்னால் வருவது லாரியா, பஸ்சா என்று சொல்வது காது மட்டுமே. ரப்பர் வைத்த ஹெட்போன் அதையும் அடைத்துவிடுகிறது. காற்று இரைச்சலை மீறி கேட்க சவுண்டை வேறு கூட்டுகிறார்கள். பேட்டரி வண்டிகளோ சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்து நிற்கின்றன.

செல்போனை கையில் பிடித்தபடி பைக், கார் ஓட்டினால் 2019-ம் ஆண்டு சட்ட திருத்தப்படி ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், ஜெயிலும் உண்டு. சைக்கிளுக்கு என்ஜின் இல்லை, அதனால் இந்த சட்டத்தில் சிக்காது. போலீஸ் பிடிக்காது என்ற தைரியம் அங்கேதான் வருகிறது.

வெளிநாட்டில் கதையே வேறு. பிரான்சில் 2015 ஜூலை முதல் சைக்கிளில் ஹெட்போன் மாட்டினாலே 135 யூரோ அபராதம். ஜப்பானில் சைக்கிள் ஓட்டும்போது செல்போனை நோண்டினால் 6 மாதம் வரை ஜெயில் என்று 2024 நவம்பரில் சட்டம் கொண்டு வந்துவிட்டார்கள்.

இங்கே அடி வேறு இடத்தில் விழும். லாரி மோதி நஷ்டஈடு கேட்டு கோர்ட்டுக்கு போகும்போது, அடிபட்டவர் மீதும் தப்பு இருந்தது என்று நிரூபணமானால் அந்த அளவுக்கு தொகையை குறைத்துவிடுவார்கள். காதில் ஹெட்போன் இருந்தது என்று சாட்சி வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் சும்மா விடுவாரா?

போன் வந்தால் ஓரமாக நிறுத்தி பேச 2 நிமிஷம் ஆகும், அவ்வளவுதான்.