நாள்தோறும்

எங்கள் ஊருக்கு லால்குடி என்று பெயர் வந்த கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வடக்கிலிருந்து வந்த படையினர் சிவப்புக் கோபுரத்தைத் தொலைவிலிருந்து பார்த்து 'லால் குடி' என்றார்களாம்; அதுவே நிலைத்துவிட்டதாம். கதை மெய்யோ பொய்யோ, அந்தப் பெயருக்கு அடியில் பழைய பெயர் ஒன்று இருக்கிறது: திருத்தவத்துறை. ஏழு முனிவர்கள் தவம் செய்த துறை என்கிறது தலபுராணம். நாற்பத்தாறு வயதில், இரண்டு பிள்ளைகளையும் வயதான மாமியாரையும் கவனித்துவிட்டுக் காலை இரயிலைப் பிடிக்க ஓடும் ஒரு தமிழ் விரிவுரையாளருக்கு இந்தப் பெயர் சற்றுக் கேலி செய்வதாகவே படும்.

இதை எழுதத் தூண்டியது ஒரு சிறிய அவமானம். சென்ற ஆண்டு, முதல் மணி வகுப்பு. ஒரு மாணவி பத்து நிமிடம் தாமதமாக வந்து வாசலில் நின்றாள். நான் பேசிய பேச்சை இங்கே எழுத விரும்பவில்லை. மதியம் இன்னொரு பெண் வந்து, அவள் விடியலில் தாயோடு உட்கார்ந்து பூக்கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பேருந்து ஏறுகிறாள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவளைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மேம்" என்றாள். அந்த 'பரவாயில்லை' பல நாள் உறுத்தியது. என் சினத்துக்கும் அவளுக்கும் தொடர்பே இல்லை. அது காலை ஐந்தரைக்கே தொடங்கியிருந்தது: கண் விழித்ததும் செல்பேசி, அதில் துறைத்தலைவர் நள்ளிரவில் அனுப்பிய படிவம், வாட்ஸப்பில் யாரோ யாரையோ திட்டியது, அடுப்பில் பொங்கிய பால். ஒன்பதரை மணிக்கு வகுப்பில் நுழையும்போது எனக்குள் ஒரு முழு நாளின் களைப்பு சேர்ந்துவிட்டிருந்தது.

சிறுபொழுது ஆறு என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. ஒவ்வொன்றும் பத்து நாழிகை. மாணவிகள் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். வைகறை என்பது என் சொந்த வாழ்வில் எப்போது கடைசியாக வந்துபோனது என்று என்னைக் கேட்டிருந்தால் விடை இருந்திராது.

பிறகு, எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். சக ஆசிரியை ஒருவர் ஒரு பட்டியல் கொடுத்தார். ஐந்து மணிக்கு எழுதல், வெந்நீர், தியானம், நன்றிக்குரிய மூன்று செய்திகளை எழுதுதல், பத்தாயிரம் அடி நடத்தல். (இந்தப் பத்தாயிரம் என்ற எண், 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிக்கணிப்பான் ஒன்றின் பெயரிலிருந்து பரவியது என்பதைப் பின்னாளில் அறிந்தபோது என் முழங்கால்கள் என்னை மன்னிக்கவில்லை.) கட்டம் போட்ட தாளில் பத்தொன்பது நாள் சரியாகக் குறியிட்டேன். இருபதாம் நாள் மாமியாருக்குக் காய்ச்சல். பட்டியல் உடைந்தது. அதுவரை அமைதி மட்டுமே இல்லாதிருந்தவளுக்கு, அமைதிக்கான பட்டியலையும் காப்பாற்றத் தெரியாதவள் என்ற குற்றவுணர்வும் சேர்ந்தது.

அந்தத் தாளை இப்போது எடுத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. அதில் இருந்த எல்லாக் கட்டங்களும் என்னைப் பற்றியவை. நான் நலமா, நான் தெளிவாக இருக்கிறேனா, நேற்றைவிட இன்று எனக்கு எப்படி? நட்ட நாற்றை நாள்தோறும் பிடுங்கி வேர் விட்டிருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஒரு வேலை. அமைதி வேண்டும் என்பதற்காகவே ஒரு பழக்கத்தைத் தொடங்கினால் அது நெடுநாள் நிற்காது என்பதே இப்போது என் கருத்து. நமக்கு வெளியே உள்ள ஒன்று நம்மீது உரிமை கொண்டாட வேண்டும். அதற்காகச் செய்வது தங்கும்.

ஒழுக்கம் என்ற சொல்லை நாம் கட்டளையாக்கிவிட்டோம். அதன் வேர் 'ஒழுகு'. இடையறாமல் செல்வது என்பதே பொருள். மேட்டூரில் நீர் திறந்த பின் எங்கள் பக்கத்து வாய்க்கால்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வாய்க்காலில் நீர் ஓடுவது வாய்க்காலுக்காக அன்று, கடைமடை வயலுக்காக.

எங்கள் ஊர்ப் பெயரை உலகுக்குக் கொண்டுசென்றது வயலின். திருவையாற்றுத் தியாகராசர் (1767–1847) இங்கே வந்து பாடிய ஐந்து கீர்த்தனைகளை லால்குடிப் பஞ்சரத்தினம் என்பார்கள். அவருடைய மாணவர் லால்குடி இராமய்யர். அந்த வழியில் வந்த கோபாலய்யர் தம் மகன் ஜெயராமனுக்கு (1930–2013) தாமே ஆசானாக இருந்தார். சாதகம் என்ற சொல்லை இசைக்காரர்கள் பயன்படுத்தும் விதம் எனக்குப் பிடிக்கும். மேடையேறிப் புகழ் பெற்ற பின்னும் சரளி வரிசைக்கும் வர்ணத்துக்கும் நாள்தோறும் திரும்பி வருவது அது. அவர்கள் அதை மன அமைதிக்காகச் செய்வதாகச் சொல்லிக் கேட்டதில்லை. சுருதி சேர வேண்டும், அவ்வளவுதான். தியாகராசரின் உஞ்சவிருத்தியும் அத்தகையதே. தெருவில் பாடிச்சென்று அன்றைக்கு வேண்டிய அரிசியைப் பெறுவது. நாளை மறுபடியும் தெரு.

ஆனால் என் தொழிலுக்கு நெருக்கமான சான்று உ.வே.சா.தான். 1880-இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். அதே ஆண்டு சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததை 'என் சரித்திரம்' படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தாம் படித்த அந்தாதிகளையும் கோவைகளையும் இவர் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் அசையவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்பது அவருடைய கேள்வி. அந்தக் கேள்விக்கு விடையாகச் சிந்தாமணி அச்சேறியது 1887-இல். இடையில் ஏழு ஆண்டுகள். பகலில் கல்லூரிப் பாடம். மற்ற நேரத்தில் ஏடு. பிரதிக்குப் பிரதி பாடம் ஒப்பிடுவதும், விளங்காத சமயக் கருத்துக்காகச் சமணர் வீட்டுக்கு நடப்பதும், மீண்டும் ஏட்டுக்குத் திரும்புவதுமாக அந்த ஆண்டுகள் சென்றன. அவர் அமைதியான மனிதராக இருந்தாரா என்று நான் கேட்கவில்லை. பணமுடையும் கவலையும் அவருக்கு நிறையவே இருந்தன. ஆனால் காலையில் எழும்போது இன்று என்ன செய்ய வேண்டும் என்ற குழப்பம் அந்த ஏழு ஆண்டுகளில் அவருக்கு இருந்திருக்காது. ஏடு அவருக்காகக் காத்திருந்தது.

இங்கே நிறுத்தியிருந்தால் கட்டுரை அழகாக முடிந்திருக்கும். நம் கூட்டங்களில் பலரும் இங்கேதான் கைத்தட்டல் வாங்குவார்கள். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. ஏட்டின் முன் அமர்ந்தவருக்கு எண்ணெய் ஊற்றி விளக்கு வைத்தவர் யார்? சாதகம் நடக்கும் வீட்டில் அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனவர் யார்? ஒருவரின் நிதானமான வைகறை இன்னொருவரின் வைகறையைத் தின்று வளர்வது நம் வீடுகளில் வழக்கமாக இருந்திருக்கிறது. என் அம்மா நாற்பது ஆண்டுகள் ஒருநாள்கூடத் தவறாமல் விடியுமுன் எழுந்தார். வாசல் தெளித்தார், கோலமிட்டார். அதை யாரும் நல்ல பழக்கம் என்று பாராட்டவில்லை, வேலை என்றார்கள். ஆகவே, எளிய பழக்கங்களால் வாழ்வைச் சீராக்கலாம் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்க விரும்புவது, அந்த அரைமணி நேரம் யாருடைய கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது என்பதுதான்.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். காலைச் சமையலில் பாதியை என் கணவர் எடுத்துக்கொண்டார். மனமுவந்து என்று எழுத ஆசைதான். மூன்று நாள் நீடித்த ஒரு சண்டைக்குப் பிறகு என்பதே உண்மை. (இப்போது அவருடைய சட்னி என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்வது வேறு கதை.) அதனால் இருபது நிமிடம் முன்னதாகவே இரயில் நிலையத்துக்கு வந்துவிடுகிறேன். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா, குறுந்தொகை. நாளுக்கு ஒரு பாடலைக் கையால் பெயர்த்து எழுதுவது. பொருள் எழுதுவதில்லை, கருத்து எழுதுவதில்லை. செல்பேசி பைக்குள்.

ஏன் குறுந்தொகை? எம்.ஏ.வில் படித்தேன், இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன், முழுவதும் படித்ததில்லை. தேர்வுக்கு வரும் முப்பது பாடல்களோடு நானும் நின்றுவிட்டவள். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் தமிழ்த்துறைகளில் இது எனக்கு மட்டும் நேர்ந்த நிலை அன்று என்பதும் தெரியும். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடி. ஒரு நிலைய இருக்கைக்கு இதைவிடப் பொருந்திய நூல் இல்லை. கையால் எழுதும்போது, வாயால் எத்தனையோ முறை சொன்ன பாடலில்கூட ஒரு சொல் திடீரென்று தடுத்து நிறுத்தும். இத்தனை ஆண்டுகள் அதைத் தாண்டிக் குதித்துப் பாடம் நடத்தியிருக்கிறேன் என்பது புரியும்.

விடுமுறை நாட்களில் எழுதுவதில்லை. காய்ச்சல் வந்தால் எழுதுவதில்லை. விட்டுப்போன நாளுக்காக மறுநாள் இரண்டு எழுதுவதும் இல்லை. குறியிடும் கட்டங்கள் இல்லாததால் உடைவதற்கும் ஒன்றுமில்லை. அடுத்த எண்ணுள்ள பாடல் அங்கேயே இருக்கிறது. சினம் போய்விட்டதா என்றால், இல்லை. சென்ற வாரம்கூட அலுவலகத்தில் ஒரு படிவத்துக்காகக் குரலை உயர்த்தினேன். ஆயினும் முதல் மணி வகுப்புக்கு நான் கொண்டுபோவது மாறியிருக்கிறது. பூக்கட்டும் அந்த மாணவி இப்போதும் சில நாள் தாமதமாகத்தான் வருகிறாள். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். தலையசைத்துவிட்டு உள்ளே வந்து அமர்கிறாள்.

இன்று முன்னூற்றேழாம் பாடல். குறுந்தொகையில் ஒன்பது அடி கொண்ட பாடல்கள் இரண்டே. அவற்றுள் ஒன்று இது. வழக்கமாக என் மீது இரக்கம் காட்டித் தாமதமாக வரும் இரயில் இன்று சரியான நேரத்துக்கு வந்து நின்றது. ஆறு அடிதான் முடிந்திருந்தது. நோட்டைத் திறந்தபடியே ஏறினேன். வாளாடியில் ஒரு அடி எழுதினேன். கொள்ளிடப் பாலத்தில் வண்டி அதிர்ந்ததில் எழுத்து கோணிவிட்டது. மீதம் இரண்டடி திருவரங்கத்தில் வண்டி நின்றபோது முடிந்தது.