பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒரு நோட்டீஸ்

நம் உறுப்பினர் ஒருவரின் கடையில் பில் போடும் பெண்ணுக்கு, "வேலையில் மந்தம், காரணம் கூறவும்" என்று நோட்டீஸ் தரப்பட்டிருக்கிறது. அப்பெண் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. நோட்டீஸையும் அவர் எழுதிய பதிலையும் நாம் வாசித்துப் பார்த்தோம். கடைக்காரர் நமக்கு வேண்டியவர்தான். ஆனாலும் நியாயம் அந்தப் பெண்ணின் பக்கம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தை மாதத்தில் அவர் போட்ட பில்களில் பாதிதான் ஆடியில் என்பது குற்றச்சாட்டு. ஆடியில் முகூர்த்தம் உண்டா? கல்யாணச் சரக்கு நகருமா? தை மாதத்துக் கல்லாவோடு ஆடி மாதத்துக் கல்லாவை ஒப்பிட்டு வங்கி மேனேஜர் நம்மைக் கேள்வி கேட்டால் நாம் சும்மா இருப்போமா?

பதில் ஒரே பக்கம். அழுகையும் இல்லை, ஏச்சும் இல்லை. எந்தத் தேதிகளின் கணக்கு என்று முதலில் கேட்கிறார். ஆனி முதல் வாரத்தில் மூன்று நாள் தம்மைக் கிடங்கில் மூட்டை எண்ண அனுப்பியதையும், அந்நாட்களில் பில் புத்தகமே தம் கையில் இல்லை என்பதையும் தேதியோடு எழுதுகிறார். கவுண்டரில் இருக்கும் மற்ற இருவருக்கும் விற்பனை குறைந்திருக்க, நோட்டீஸ் தமக்கு மட்டும் ஏன் என்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களும், முன்கூட்டியே கொடுத்த லீவுச் சீட்டுகளும் வரிசையாக இருக்கின்றன. உட்கார ஒரு நாற்காலி கேட்டு, பதிலை எழுத்தில் தரும்படி முடிக்கிறார். நகலில் கணக்குப்பிள்ளையிடம் தேதியுடன் கையெழுத்தும் வாங்கிவிட்டார். நம் கணக்குப்பிள்ளைகளே இத்தனை சுத்தமாக எழுதுவார்களா என்பது சந்தேகம்!

நம் வீட்டுப் பெண்களும் இன்று வங்கி, கம்பெனி என்று வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு இப்படியொரு தாள் வந்தால் கோபத்தில் ராஜினாமா எழுதிவிடக் கூடாது. "குறையை ஒப்புக்கொள்கிறேன்" என்ற தாளில் கையெழுத்துப் போடவும் கூடாது. கர்ப்பத்தை நிர்வாகத்துக்குத் தெரிவித்த தேதி என்ன, அதற்கு முன் ஏதேனும் குறை சொன்னார்களா என்பது பதிலில் வரவேண்டும்.

சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள கடைகளையும் கட்டுப்படுத்தியது. 2017இல் விடுப்பு, முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரமாயிற்று. பேறுகால விடுப்பில் இருப்பவரை வேலைநீக்கம் செய்யக் கூடாது. கர்ப்ப காலத்திலேயே நீக்கினாலும், உரிய பேறுகாலப் பணத்திலிருந்து முதலாளி தப்ப முடியாது. திருட்டு, மோசடி போன்ற பெருங்குற்றம் வேறு விஷயம். 2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்விதிகள் சேர்க்கப்பட்டுள்ளன. ஆள் குறைவான சிறு கடைக்காரரும் விடுபட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். தமிழ்நாடு கடைகள் சட்டம் 41ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமின்றி அனுப்ப முடியாது. நாற்காலி விஷயமும் சலுகை அல்ல. 2021இல் அதே சட்டத்தில் செய்த திருத்தப்படி, கடைச் சிப்பந்தி அனைவருக்கும் இருக்கை தரவேண்டும்.

26 வாரச் சம்பளம் சிறு வியாபாரிக்குச் சுமை என்பதை நாம் மறுக்கவில்லை. ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்த சிப்பந்திக்கு அப்பணத்தை அந்தக் கார்ப்பரேஷனே தருகிறது. அதில் வராதவர்களுக்கு அரசு கை கொடுக்க வேண்டும் என்று சங்கம் மனு கொடுக்கட்டும், நாமும் கையெழுத்திடுவோம். அதை விட்டுவிட்டு, பிரசவச் செலவை மிச்சம் பிடிக்க நோட்டீஸ் கொடுப்பது வியாபாரமல்ல. நாலு வருஷம் கல்லா முன் நின்று, ஒரு ரூபாய் வித்தியாசம் வராமல் கணக்கு ஒப்படைத்தவர் அந்தப் பெண்.

நோட்டீஸை எழுத்து மூலமாகவே திரும்பப் பெறும்படி கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறோம். "சரி, போம்மா" என்று வாய்வார்த்தையாக விட்டால் அந்தத் தாள் ஃபைலில் கிடக்கும். பிள்ளை பெற்று அவர் திரும்பி வரும் அன்று அதை யாராவது எடுத்து நீட்டுவார்கள். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். பெண்ணுக்கு இது எட்டாவது மாதம்.