யார் விவசாயி என்று ஊர் சொல்லட்டும்

2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கு இறுகியபோது, பழுத்த தர்பூசணியை வெட்டி அனுப்ப வழியில்லை. மல்லிகை செடியிலேயே கருகியது. மே மாதம் கோயம்பேடு சந்தையும் மூடப்பட்டது. அந்த நெருக்கடியில் விவசாயியின் கணக்குக்கு வந்தது மத்திய அரசின் பிஎம் கிசான் தவணையான 2,000 ரூபாய். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் திட்டத்தின் ஒரு தவணை, ஏப்ரல் தொடக்கத்திலேயே முன்கூட்டி விடுவிக்கப்பட்டது. அது கூடுதல் பணம் அல்லதான். ஆனாலும் அடுத்த நடவுக்கு விதை வாங்கக் கையில் காசில்லாத வீட்டுக்கு அது பெரிய தொகை.

அந்தப் பணம் சேர வேண்டியவருக்குச் சேர்ந்ததா? சில மாதங்களிலேயே தமிழ்நாட்டில் கசப்பான பதில் வந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியில்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தனர். சுமார் 110 கோடி ரூபாய் தவறாகப் போனதாக அரசே சொன்னது, சிபிசிஐடி விசாரித்தது. வேளாண் அலுவலர்களின் கடவுச்சொற்கள் இடைத்தரகர்கள் கைக்குப் போயிருந்தன. என்னை மிகவும் வருத்துவது இன்னொன்று. கொரோனா நிவாரணம் என்று இடைத்தரகர்கள் சொன்னதை நம்பி ஆதார் நகலையும் பாஸ்புக்கையும் கொடுத்த ஏழைகள் பலர். பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டு அதிகாரிகள் வந்ததும் அவர்களிடம்தான்.

மறுபக்கம், உண்மையில் உழுதவர் பலர் பட்டியலில் இல்லை. 2019 பிப்ரவரி 1 அன்று யார் பெயரில் நிலம் இருந்ததோ அவருக்கே பணம் என்பது திட்டத்தின் விதி. வாய்வார்த்தையில் குத்தகைக்கு எடுத்து, கடன் வாங்கி உரம் போட்டவருக்குப் பட்டா ஏது?

பட்டியல் பிஎம் கிசான் இணையதளத்தில் ஊர்வாரியாக இருக்கிறது. ஆனால் அதை ஊரில் உரக்கப் படித்தவர் யார்? எந்த வயலை யார் உழுகிறார், யார் வயலுக்கே போனதில்லை என்பது ஊருக்கு நன்றாகத் தெரியும். 2020 அக்டோபர் 2 கிராம சபை தொற்றைக் காரணம் காட்டி ரத்தானது. இப்போது அந்தத் தடை இல்லை. ஒவ்வொரு கிராம சபையிலும் பயனாளிகள் பட்டியலைப் படிக்க வேண்டும் என்று அரசு உத்தரவிடட்டும். கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் உதவி அலுவலரும் அங்கே வந்து பதில் சொல்லட்டும். நாமும் போய் உட்கார வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தவறாக இருந்தால் முகத்துக்கு நேரே சொல்வது கடினம். சொல்லாமல் விட்டதன் விலை 110 கோடி.

நில உரிமையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். குத்தகையை எழுத்தில் வைத்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்ற அச்சம் புரிகிறது. ஆந்திரம் அதற்கு 2019-இல் ஒரு வழி கண்டது. உரிமையாளரின் பட்டாவுக்குப் பாதிப்பில்லாமல், 11 மாதங்களுக்கு மட்டும் சாகுபடியாளர் உரிமை அட்டை தரும் சட்டம் அது. பட்டியலினம், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்த நிலமற்ற குத்தகையாளர்களுக்கும் ஆண்டுக்கு 13,500 ரூபாய் தர அந்த மாநிலம் முன்வந்தது. உரிமையாளர்கள் கையெழுத்திடத் தயங்கியதால் அங்கும் அட்டை கிடைக்காதவர்கள் உண்டு. அதனால் அப்படியொரு சட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவந்தாலும், அந்த ஒரு கையெழுத்தை நிலத்துக்காரர்தான் போட வேண்டும்.