சோறு இறங்காததற்குச் "செய்வினை" காரணமா?

நமது நாட்டில் ஒருவனுக்குக் காலில் முள் தைத்தால் முள்ளைப் பிடுங்குகிறான். கூரையில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுகிறான். அங்கெல்லாம் தலையெழுத்தையும் பூர்வஜென்ம பலனையும் யாரும் தேடுவதில்லை. ஆனால் உண்ட சோறு நெஞ்சுக்குக் கீழே இறங்கவில்லை என்றால் மாத்திரம், முள் பிடுங்கின புத்தி எங்கேயோ ஓடிப்போய், "யார் என்ன மருந்து வைத்தார்களோ", "எந்தச் சாமி குற்றமோ" என்கின்ற பேச்சு ஆரம்பமாகிவிடுகின்றது. இந்தப் பேச்சினால், பிழைக்க வழியிருந்தும் பிழைக்காமல் போகின்றவர்கள் பலர் என்பதை எடுத்துக்காட்டவே இதை எழுதுகின்றோம்.

நமக்குத் தெரிந்த ஒரு சங்கதியைச் சொல்லுகின்றோம். நமது கூட்டங்களுக்கு மேடை கட்டி, விளக்குப் போட்டு, கடைசி ஆள் போகும்வரை உடனிருந்து வந்த நெசவுத்தொழிலாளித் தோழர் ஒருவர் இருந்தார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். எழுந்தது முதல் படுக்கும்வரை அவர் வாயில் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் இருக்கும். ஒருநாள் அவர் வீட்டில் நாம் சாப்பிட்டபோது, அவர் இட்டிலியை ஒதுக்கிவிட்டுக் கஞ்சியை மாத்திரம் குடித்தார். கேட்டதற்கு, "கொஞ்ச நாளாகக் கெட்டியானது இறங்க மாட்டேன் என்கிறது, வாயுவாக இருக்குமுங்க" என்றார். நாமும் "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அவருடைய வெற்றிலைப் பையிலிருந்தே ஒரு சுருள் வாங்கி மென்றுகொண்டு ரயிலுக்குப் புறப்பட்டோம். இந்த வெட்கத்தை மறைக்க நமக்கு யோக்கியதையில்லை.

பிறகு நடந்தது என்ன? வீட்டுப் பெரியவர்கள் கூடி இது "இடுமருந்து" என்று தீர்ப்புச் சொன்னார்கள். மருந்தை இட்டது யார்? சோறு போடுகிறவள் மருமகள். ஆகவே அவள்தான் குற்றவாளி! மருந்தெடுக்கிறவன் ஒருவன் வந்தான். தோழரின் வயிற்றின்மேல் ஒரு குழாயை வைத்து உறிஞ்சி, மயிரும் சோறும் கலந்த ஓர் உருண்டையைத் துப்பிக் காட்டி, பணம் வாங்கிக்கொண்டு போனான். குழாயோ தோலுக்கு மேலே, உருண்டையோ வயிற்றுக்குள்ளே. தோலில் ஓட்டையில்லாமல் அது எந்த வழியாக வெளியே வந்தது என்று அங்கிருந்த ஒருவராவது கேட்கவில்லை. அவன் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்ததைத் துப்பினான் என்பது, அவனுடைய வாயை முதலில் கழுவச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்.

இப்படி மூன்று தடவை உருண்டை எடுத்தார்கள். ஐந்து மாதம் ஓடிற்று. எத்தனையோ மேடைகளில் மந்திரவாதியைக் கண்டித்துப் பேசிய நமது தோழர், உடம்பு தளர்ந்தவுடன் வீட்டாருக்கு எதிரே வாய் திறக்க முடியாமல் படுத்துவிட்டார். தண்ணீரும் இறங்காத நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, உணவுக்குழாயில் புற்று என்றும், அது கல்லீரல் வரை பரவிவிட்டது என்றும் சொன்னார்கள். இரண்டு மாதத்தில் இறந்தார். தாய்வீட்டுக்கு விரட்டப்பட்ட அந்தப் பெண்ணிடம் இன்றுவரை ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு மூடநம்பிக்கை ஓர் ஆணைக் கொன்று, ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்கிவிட்டது.

தோழர்களே! இந்த வியாதியில் மர்மம் ஒன்றுமில்லை. தொண்டைக்கும் இரைப்பைக்கும் நடுவே சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய் ஒன்று இருக்கின்றது. அதுதான் உணவுக்குழாய். அதன் உட்பக்கத்து மெல்லிய தோலில் சில அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே புற்று. குழாய் விரிந்து கொடுக்கக்கூடியதாகையால், ஆரம்பத்தில் ஒரு தொந்தரவும் தெரியாது. வழி நன்றாகக் குறுகின பிறகே முதலில் இறைச்சியும் தோசையும் தடைப்படும், பிறகு சோறு, பிறகு கஞ்சி, முடிவில் தண்ணீர். உடம்பு இளைக்கும், சிலருக்குக் குரல் கம்மும், நெஞ்சு வலிக்கும். அதாவது "கொஞ்சம் அடைக்கிறது" என்று சொல்லுகின்ற நாளிலேயே காலம் கடந்து கொண்டிருக்கின்றது என்று பொருள். அந்த நேரத்தில் ஐந்து மாதத்தைக் குழாய் உறிஞ்சுகிறவனுக்குக் கொடுத்தால் மிச்சமென்ன இருக்கும்?

பூர்வஜென்ம வினை என்று சொல்லுகின்றவர்களை ஒன்று கேட்கின்றோம். சீனாவில் ஹெனான் மாகாணத்தில் லின்சியன் என்று ஒரு வட்டாரம். உலகத்திலேயே இந்நோய் மிக அதிகமாகக் காணப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே ஆராய்ச்சி செய்தவர்கள், மனிதர்களுக்கு மாத்திரமல்லாமல், அவர்கள் வீட்டில் வளர்த்த கோழிகளுக்கும் இரைக்குழாயில் புற்று இருக்கக் கண்டார்கள். கோழி எந்த ஜென்மத்தில் யார் குடியைக் கெடுத்தது? எந்த மருமகள் கோழிக்கு மருந்து வைத்தாள்? அந்த ஆராய்ச்சிக்காரர்கள் கோழிக்கு ஜாதகம் பார்க்கவில்லை. மனிதனும் கோழியும் சேர்ந்து உண்ட உணவிலும் குடித்த தண்ணீரிலும் காரணத்தைத் தேடினார்கள்.

நமது நாட்டிலும் பாருங்கள். காசி மலைப்பகுதியில் இந்நோய் மிக அதிகம்; அங்கே பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள்; பச்சைப்பாக்கும் வெற்றிலையும் ஓயாமல் மெல்லுகின்றவர்கள். காஷ்மீரில் அதிகம்; அங்கே பெரும்பாலோர் முஸ்லிம்கள்; ஹூக்காவும் சுடச்சுட உப்புத் தேநீரும் வழக்கம். நமது தமிழ்நாட்டிலோ எல்லா மதத்தாருக்கும் எல்லா ஜாதியாருக்கும் வருகின்றது. ஆகவே இந்த வியாதி எந்தச் சாமியின் உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. வாய்வழியே உள்ளே போவதைத்தான் பார்க்கின்றது.

உள்ளே போவது என்ன? பீடி, சிகரெட், சுருட்டு ஒன்று. மெல்லுகின்ற புகையிலை இரண்டு. பாக்கு மூன்று. புகையிலை சேர்க்காத வெற்றிலைப்பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004லேயே சொல்லிவிட்டது. கள்ளோ சாராயமோ பிராந்தியோ எதுவானாலும் மது நான்கு. புகையும் மதுவும் ஒருவரிடத்திலேயே சேர்ந்தால் ஆபத்து பன்மடங்கு. 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் எதையும் குடிப்பது அநேகமாகப் புற்றை உண்டாக்கக்கூடும் என்று அதே நிலையம் 2016ல் சொல்லியிருக்கின்றது. ஆகையால் டீயை ஆறவிட்டுக் குடிப்பதில் நஷ்டமில்லை. நெடுங்கால நெஞ்செரிச்சலும் உடற்பருமனும் குழாயின் அடிப்பாகத்தில் வருகின்ற புற்றுக்குக் காரணமாகின்றன. இன்னொன்றும் உண்டு. எல்லோரும் உண்ட பிறகு மிச்சத்தை உண்டு, இரும்புச்சத்தில்லாமல் வெளுத்துப்போகின்ற பெண்களில் சிலருக்கு, குழாயின் மேற்பாகத்தில் சவ்வு வளர்ந்து, விழுங்கத் தடையாகி, பிற்காலத்தில் புற்றுக்கும் இடங்கொடுக்கின்றது. "பெண் கடைசியில் சாப்பிட வேண்டும்" என்கின்ற தர்மத்தின் பலன்களில் இதுவும் ஒன்று.

2022ஆம் ஆண்டில் மாத்திரம் உலகத்தில் சுமார் 5 லட்சத்து 10 ஆயிரம் பேருக்கு இந்நோய் கண்டது. சுமார் 4 லட்சத்து 45 ஆயிரம் பேர் மாண்டார்கள். இந்தியாவில் சுமார் 70 ஆயிரம் பேருக்குக் கண்டது. "இவ்வளவு பேர் சாகும்போது வைத்தியத்தால் என்ன பிரயோஜனம்?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானது, பதிலும் இருக்கின்றது. சீனாவில் ஹெபெய் மாகாணத்தில் சிசியன் என்ற வட்டாரத்துக் கிராமங்களில், 40 முதல் 69 வயதுள்ளவர்களுக்கு ஒரே ஒரு தடவை குழாய்விட்டுப் பரிசோதித்து, கண்ட கோளாறுக்கு அப்போதே சிகிச்சை செய்தார்கள். பத்து வருஷம் கழித்துக் கணக்கெடுத்ததில், பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் இறந்தவர் 100க்கு 3.35, அழைக்கப்படாத ஊர்களில் 5.05. இது 2015ல் வெளியான கணக்கு. மூன்று சாவில் ஒன்றைத் தடுத்தது எந்த யாகம்? எந்தப் பரிகாரம்?

அந்தப் பரிசோதனைக்குப் பெயர் எண்டோஸ்கோப்பி. நுனியில் சிறு காமிராவுள்ள மெல்லிய வளையும் குழாயை வாய்வழியே விட்டு, உணவுக்குழாயின் உட்புறத்தை நேரில் பார்ப்பது. சில நிமிஷ வேலை. சந்தேகமான இடத்தில் கடுகளவு சதையை எடுத்துச் சோதிப்பார்கள். "சதையைக் கிள்ளினால் புற்று பரவிவிடும்" என்று திண்ணையில் சொல்லுகின்றவர்களை நம்பாதீர்கள். பரவுவதற்குக் காரணம் கிள்ளுவதல்ல, காலம் கடத்துவது. மேல்தோலளவில் கண்டால் அந்தக் குழாய்வழியாகவே எடுத்துவிட முடிகின்றது. கொஞ்சம் முற்றினாலும் மருந்து, கதிர்வீச்சு, அறுவை ஆகியவை இருக்கின்றன. அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இந்தப் பரிசோதனை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் புற்றுநோய்ச் சிகிச்சை அடங்கியிருக்கின்றது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், தமது தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தைப் பரிகாரப் பூசையில் தீர்த்துக்கொள்ளாமல், 1954ல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியை உண்டாக்கினார். துக்கப்படுவதில் கூட அறிவுள்ள வழி ஒன்று உண்டு என்பதற்கு இதுவே அத்தாட்சி.

கடைசியாக நமது தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சாமியில்லை என்று மேடையில் இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, இறங்கினவுடன் பீடி பற்றவைத்து, "வருவது வந்துதான் தீரும்" என்று சொல்லுகின்றவருக்கும், நெற்றியில் எழுதினபடி நடக்கும் என்கின்றவருக்கும் என்ன வித்தியாசம்? விதியென்ற பெயரை மாத்திரம் நீக்கிவிட்டு விதிக்கே அடிபணிவது பகுத்தறிவாகுமா? நாம் அந்தத் தோழர் இறந்த அன்றோடு வெற்றிலைப் பையை விட்டோம். விட்டதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இருபது வருஷம் விடாதிருந்ததையே குற்றமாக ஒப்புக்கொள்ளுகின்றோம்.

ஆகவே நாம் வேண்டிக்கொள்ளுவது இவ்வளவுதான். உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ சோறு அடைத்து, இரண்டு வாரமாகியும் தீராவிட்டால், கடையில் வாயு மாத்திரை வாங்கி நாளைக் கழிக்காமல், எண்டோஸ்கோப்பி உள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே போங்கள். புற்றாக இல்லாமல் புண்ணாகவோ வேறு சுருக்கமாகவோ இருக்கலாம், இருந்தால் சந்தோஷம், பார்த்தால்தானே தெரியும்? கூட்டத்தில் சாப்பிடும்போது ஒரு தோழர் சோற்றை ஒதுக்கக் கண்டால், நாம் செய்ததுபோல் "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். மறுநாள் காலை அவரைக் கையோடு அழைத்துப் போங்கள். மருந்தெடுக்கிறவன் வாசலில் வந்து நின்றால், முதலில் அவன் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.