வளவைப் பார்க்கும் கண்ணின் திறப்பு யார் கையில்?



கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியா வடக்கிலும் மீளக்குடியமர்ந்த வீடுகள் சிலவற்றின் தாழ்வாரத்தில் இன்று ஒரு சிறிய கமராவைக் காண்கிறோம். கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் பிள்ளை அனுப்பிய பணத்தில் அது பூட்டப்பட்டிருக்கும். தனித்திருக்கும் தாய் எழும்பி நடமாடுகிறாரா, தண்ணீர் இறைக்கும் மோட்டர் கொட்டிலில் இருக்கிறதா, படலையைத் திறந்து வந்தவர் யார் என்பதை அந்தப் பிள்ளை அங்கிருந்தே கைத்தொலைபேசியில் பார்த்துக்கொள்கிறது. இதில் குறைசொல்ல ஏதுமில்லை. காவற்கொட்டிலில் விழித்திருந்து யானையிடமிருந்து வயலைக் காத்த மக்களுக்குக் காவலின் அருமையை எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்றை நாம் கேட்டே ஆகவேண்டும். அந்தக் கண்ணின் திறப்பு யார் கையில் இருக்கிறது?

பிறர் கண்ணுக்குள் வாழ்வது என்னவென்று வன்னி மக்களுக்குத் தெரியும். 2009ஆம் ஆண்டில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட எமது மக்கள் முட்கம்பி வேலிக்குள் வைக்கப்பட்டார்கள். செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. குளிப்பதற்கும் ஒரு மறைவு இல்லாதிருந்த அந்த நாட்களை எமது தாய்மார் மறந்துவிடவில்லை. அப்படி மீண்டு வந்த வளவுக்குள் நாமே காசு கொடுத்து ஒரு கண்ணை வைக்கும்போது, அது எமக்கு அடங்கிய கண்ணாக இருக்கவேண்டும்.

இக்கமரா எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். எமது கிராமங்களில் அநேக வீடுகளுக்குச் சிம் அட்டை போட்ட ரவுட்டர் மூலமே இணையம் வருகிறது. தொலைபேசி நிறுவனங்கள் பொதுவாக ஒரே இணைய முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. ஒரு முகாமின் முகவரியிலேயே நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருந்ததைப் போன்றது இது. வெளியிலிருந்து வருபவர் நேரே ஒரு கூடாரத்தைத் தேடி வரமுடியாது. உள்ளே இருப்பவர்தான் வாசலுக்குப் போகவேண்டும். ஆகவே கமரா தானே வெளியே போய், அதைச் செய்த நிறுவனத்தின் கணினியோடு எந்நேரமும் தொடர்பு வைத்திருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் மகனின் தொலைபேசியும் அதே கணினிக்குத்தான் போகிறது. அதுவே இரண்டையும் இணைத்துவிடுகிறது. பல வேளைகளில் படமும் அதனூடாகவே செல்கிறது. தாய்க்கும் மகனுக்கும் இடையே நேர்க்கோடு ஒன்று இருப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் நடுவே மூன்றாம் ஆள் ஒருவர் நிற்கிறார். அந்த இடத்தில் எமக்குள்ள பூட்டு கடவுச்சொல் ஒன்றே.

அந்தப் பூட்டைப் பூட்டாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை உலகம் கண்டிருக்கிறது. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட பல்லாயிரம் கமராக்களின் படங்களை, 2014ஆம் ஆண்டில் ஓர் இணையத்தளம் எவரும் பார்க்கும்படி திறந்துவிட்டது. படுக்கையறைகளும் குழந்தைகளின் தொட்டில்களும் அவற்றில் இருந்தன. 2016 ஒக்டோபர் 21இல் 'மிராய்' என்ற நச்சு நிரல் பிடித்துவைத்திருந்த கமராக்களும் ரவுட்டர்களும் ஏவப்பட்டு, அமெரிக்காவில் பெரிய இணையத்தளங்கள் பல மணிநேரம் முடங்கின. எல்லோரும் அறிந்த அறுபது வரையான கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே அந்நிரல் உள்ளே நுழைந்திருந்தது. பொதுவான கடவுச்சொல்லோடு இத்தகைய பொருட்களை விற்பதைப் பிரித்தானியா 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் தடுத்திருக்கிறது. எமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. ஆனால் ஒருவர் தம் வீட்டுத் தேவைக்கு மட்டும் எடுக்கும் படங்களுக்கு அச்சட்டம் விலக்களிக்கிறது. எனவே வளவுக்குள் ஒழுங்கை நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் ஒழுங்கு, கமராவைப் பூட்டிய இளைஞர் படலை தாண்டுமுன் கடவுச்சொல்லை வீட்டார் மாற்றிவிடுவது. அதைச் சுவரிலோ கமராப் பெட்டியிலோ எழுதி வைக்கலாகாது. கடவுச்சொல்லுக்கு மேலாகத் தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கமும் கேட்கும் வசதி இருந்தால், அதையும் போட்டுவிட வேண்டும். யார் யார் பார்க்கிறார்கள் என்ற பட்டியலை மாதம் ஒருமுறையாவது பார்த்து, வேண்டாதவரை நீக்கவேண்டும். பழைய கமராவை வாங்கினாலோ விற்றாலோ உள்ளிருப்பதை முற்றாக அழித்துவிட வேண்டும்.

இரண்டாவது, வீட்டிலிருப்பவரின் சம்மதம். பணம் அனுப்புகிறவர் பிள்ளை என்பதற்காகத் தாயைக் கேளாமல் கமரா வைப்பது முறையல்ல. மருமகள் கிணற்றடியில் குளிப்பதையும், வயோதிபர் திண்ணையில் சாய்ந்திருப்பதையும் கடல்கடந்து ஒரு கூட்டம் பார்க்கலாகாது. கமரா படலையையும் மோட்டர் கொட்டிலையும் பார்க்கட்டும். கிணற்றடியையும் அயலவரின் முற்றத்தையும் பார்க்கவேண்டாம். வேண்டாதபோது அதை நிறுத்திவைக்கும் உரிமை வீட்டில் வாழ்பவருக்கே உண்டு. அதை எப்படி நிறுத்துவதென்று அவருக்குக் காட்டிக்கொடுக்கவும் வேண்டும்.

மூன்றாவது, செலவும் நம்பிக்கையும். வினாடிக்கு ஒரு மெகாபிற் வீதம் படம் போனால் ஒரு மணிநேரத்துக்கு 450 மெகாபைற் டேட்டா முடியும். இரவுபகலாகப் பார்த்தால் ஒரு நாளில் 10 ஜிகாபைற்றைத் தாண்டும். ஆகவே கமராவிலுள்ள நினைவக அட்டையில் பதியவிட்டு, தேவையான வேளையில் மட்டும் குறைந்த தரத்தில் பார்ப்பதே சிக்கனம். மின்சாரம் நின்றால் கமராவும் நிற்கும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் இருண்டது. ரவுட்டருக்கென விற்கும் சிறிய மின்கலப் பெட்டி சில மணிநேரம் கைகொடுக்கும். அதற்கு மேல் இல்லை.

இங்கே நள்ளிரவாக இருக்கையில் ரொறன்ரோவில் பிற்பகல். விழித்திருக்கும் மகன் கள்வனைக் கண்டுவிடலாம். ஆனால் அவனால் ஓடிவர முடியாது. அவன் கூப்பிடக்கூடிய ஒரே ஆள் அடுத்த வளவுக்காரர்தான். அயலவரோடு முகங்கொடுத்துப் பேசாத வீட்டில் கமரா களவைப் படம்பிடிக்குமேயன்றித் தடுக்காது. அவரின் வாசலை நோக்கிக் கமராவைத் திருப்பிவைத்தவருக்கு அந்த இரவில் அவர் எழும்பி வருவாரா?

எனவே கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம். எந்த வீட்டில் கமரா இருக்கிறது, அது எதைப் பார்க்கிறது, அவசரத்தில் யாரை அழைப்பது என்பவற்றை அயலுக்குள் வெளிப்படையாகத் தீர்மானித்துக்கொள்வோம். இழந்து மீட்ட வளவு இது. அதற்குள் யார் பார்க்கலாம் என்பதைத் தீர்மானிப்பவர்கள் அங்கு வாழ்பவர்களாகவே இருக்கட்டும்.